ஓட்டம் எங்கே திரும்புகிறது?



ஐதராபாத்தில் பயிலும் தமிழ் மாணவருள் பொறியியலும் இயற்பியலும் புவியியற்பியலும் கற்போர் தொகை சிறிதன்று. நம் மன்றத்துக் கூட்டங்களில் கவிதை பேசப்படுகிறது, கதை பேசப்படுகிறது, நாடகம் பேசப்படுகிறது. அவை பேசப்படவேண்டியவையே. ஆயினும், நம்மிற் பலர் நாள்தோறும் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் எந்தத் திரையின் முன் அமர்ந்திருக்கிறோமோ, அதைப் பற்றி நம் இதழில் ஒரு பக்கமேனும் வருவது அரிதாக இருக்கிறது. அக்குறையைச் சிறிது நீக்கவும், நெடுநாளாக என் உள்ளத்தில் உள்ள ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கவும் இதனை எழுதுகிறேன்.

மின்காந்தப் புலத்தைக் கணிப்பொறியில் கணித்துக் காட்டும் மென்பொருள்களைப் பற்றியே நான் சொல்லவந்தேன். ஆன்சிஸ் மேக்ஸ்வெல், காம்சால் என்று விலை கொடுத்து வாங்குவனவும் உண்டு, எஃப்.இ.எம்.எம்., ஓப்பன் இ.எம்.எஸ். என்று இலவசமாகக் கிடைப்பனவும் உண்டு. மோட்டாரை வடிவமைப்பவர், ஆன்டெனாவை வரைபவர், நிலத்தடி நீரைத் தேடுபவர் ஆகிய மூவருமே இவற்றை நாடுகின்றனர். பொருளை வரைகிறோம், செம்பா, இரும்பா, காற்றா என்று குறிக்கிறோம், சுற்றிலும் ஓர் எல்லைப் பெட்டி இடுகிறோம், மின்னோட்டத்தைக் கொடுக்கிறோம், பொத்தானை அழுத்துகிறோம். சிறிது நேரத்தில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு படம் மலர்கிறது. அதைக் கண்டு நாமும் மலர்கிறோம்!

இந்த மகிழ்ச்சிக்கு நான் பகைவன் அல்லேன். ஆனால், அந்தப் படத்தின் அடியில் மறைந்து கிடக்கும் ஒரு கேள்வியைக் கேட்காமல் மகிழ்வது தகாது என்பது என் கருத்து. அக்கேள்வி யாது? நாம் கொடுத்த மின்னோட்டம் எங்கே புறப்பட்டது, எவ்வழிச் சென்றது, எங்கே திரும்புகிறது என்பதே. இதற்கு விடை சொல்ல இயலாத மாணவன் கணிப்பைத் தொடங்காதிருப்பதே நன்று. இதுவே நான் இங்கு வாதிடப்போகும் ஒரே பொருள்.

வலைப்பின்னலைப் பின்னுவது மென்பொருளின் வேலை. ஆயிரக்கணக்கான, சில வேளை இலட்சக்கணக்கான சமன்பாடுகளைத் தீர்ப்பதும் அதன் வேலை. செம்பின் கடத்துதிறன் அதன் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால், எவ்வளவு ஓட்டம், எந்தத் திசையில், எந்தக் கம்பியில் என்பதை அது அறியாது, நாம்தான் சொல்லவேண்டும். ஆய்வுக்கூடத்தில் நாம் சோர்ஸ் என்று சொல்லும் இந்த மின்னோட்ட மூலம், மனிதனின் பொறுப்பிலே விடப்பட்ட பகுதி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மூலத்தில் நாம் எதை இட்டோமோ அதுவே வண்ணமாகத் திரையில் வருகிறது. தவறான மூலத்துக்கும் மென்பொருள் அழகான படத்தையே தரும். இதுவே இதில் உள்ள ஆபத்து.

மின்னோட்டத்தை ஆற்றோடு ஒப்பிடுவது நம் பள்ளிப் புத்தக வழக்கம். அந்த உவமை ஓரளவே பொருந்தும். காவிரி குடகில் தோன்றுகிறது. பூம்புகாரில் கடலோடு கலக்கிறது. தோற்றமும் உண்டு, முடிவும் உண்டு. நிலையான மின்னோட்டத்துக்கோ இரண்டும் இல்லை. அது செக்கைச் சுற்றும் மாட்டைப் போன்றது. எங்கே புறப்பட்டதோ அங்கே திரும்பியாகவேண்டும். 1820ஆம் ஆண்டில் ஓர்ஸ்டெட் என்பார் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டார். அதே ஆண்டில் ஆம்பியர் என்பார் ஓட்டங்களுக்கிடையே உள்ள விசையை ஆராயத் தொடங்கினார். அவர் பெயரால் வழங்கும் விதி, மூடிய பாதையில் செல்லும் ஓட்டத்துக்கே பொருந்தும். ஓட்டம் ஓரிடத்தில் முடிந்து அங்கே மின்னூட்டம் சேருமானால் அவ்விதி போதாது என்று கண்டவர் மேக்ஸ்வெல். 1860களில் அவர் சேர்த்த இடப்பெயர்ச்சி ஓட்டம் என்னும் உறுப்பு அந்த இடைவெளியை அடைத்தது. ஆகவே கம்பி அறுந்த இடத்திலும் கணக்கு அறுவதில்லை. இயற்கை தன் வரவுசெலவை எங்கும் நேர்செய்தே வைத்திருக்கிறது. மாணவன்தான் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் பேரேட்டை மூடிவிடுகிறான்.

இதனை நம் ஊரிலேயே காணலாம். 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஐதராபாத் மெட்ரோ ஓடத் தொடங்கியது. தார்நாகா, ஹப்சிகூடா வழியாக உப்பல் நோக்கிச் செல்லும் அந்த வண்டியில் நம்மிற் பலர் ஏறிச் செல்கிறோம். வண்டியின் மேலே தொங்கும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம் வருகிறது. வண்டிக்குள் இறங்கி, மோட்டாருக்கு வேண்டிய ஆற்றலைத் தந்த பிறகு, அந்த ஓட்டம் எங்கே போகிறது? தண்டவாளத்தின் வழியாகவும், அதற்கென்றே அமைத்த திரும்பு கம்பியின் வழியாகவும் துணைமின்நிலையத்துக்குத் திரும்புகிறது. சிறு பங்கு மண்ணிலும் கசிகிறது.

இப்பாதையின் அருகே காந்தப் புலம் எவ்வளவு என்று ஒரு மாணவர் கணிக்க விரும்புகிறார் என்று கொள்வோம். ஒரு கம்பி வரைகிறார், அதில் 500 ஆம்பியர் என்று குறிக்கிறார், பொத்தானை அழுத்துகிறார். கம்பியிலிருந்து 50 மீட்டர் தொலைவில் புலம் 2 மைக்ரோடெஸ்லா என்று விடை வருகிறது. கையால் போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான். ஆகவே அவர் மனநிறைவு அடைகிறார். ஆனால், கம்பிக்கு 5 மீட்டர் கீழே தண்டவாளத்தில் அதே 500 ஆம்பியர் எதிர்த்திசையில் திரும்புகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அதே இடத்தில் புலம் ஏறத்தாழ 0.2 மைக்ரோடெஸ்லாவே. பத்தில் ஒரு பங்கு! 200 மீட்டர் தொலைவிலோ இரண்டு விடைகளுக்கும் இடையே நாற்பது மடங்கு வேறுபாடு. ஏனெனில், ஒற்றைக் கம்பியின் புலம் தொலைவுக்கு ஏற்பக் குறைகிறது. இரட்டைக் கம்பியின் புலம் தொலைவின் இருபடிக்கு ஏற்பக் குறைகிறது. உண்மையான விடை இவ்விரண்டுக்கும் இடையே, மண்ணில் கசியும் பங்கைப் பொறுத்து அமையும். அந்தப் பாதைக்குப் பக்கத்தில் நுட்பமான கருவி ஒன்றை வைக்கலாமா, கூடாதா என்று முடிவுசெய்ய வேண்டியவருக்கு இந்த நாற்பது மடங்கு விளையாட்டன்று.

இங்கே ஒரு நுணுக்கமும் உண்டு. திரும்பும் வழியை நாம் சொல்லாமல் விட்டால், பல வேளைகளில் நாம் இட்ட எல்லைப் பெட்டியே திரும்பும் வழியாகிவிடுகிறது. எல்லையைத் தாண்டிக் காந்தப் பாயம் வெளியே செல்லாது என்று குறிப்பது பெரும்பாலோர் பழக்கம். அப்படிக் குறித்த பெட்டிக்குள் ஒற்றைக் கம்பியை வைத்தால், கம்பியின் ஓட்டம் முழுவதும் அந்தப் பெட்டியின் சுவர்வழியே திரும்புகிறது என்பதே கணக்கின் பொருள். கற்பனைச் சுவரில் கற்பனை ஓட்டம்! பெட்டியைப் பெரிதாக்கினால் கம்பியின் தூண்டுதிறன் மாறுகிறது; மேலும் பெரிதாக்கினால் மேலும் மாறுகிறது. 'மென்பொருள் நிலையற்றது' என்று மாணவர் குறைகூறுகிறார். மென்பொருள் என் செய்யும்? அது கேட்காமலே ஒரு திரும்பு வழியைத் தந்து அவர் மானத்தைக் காத்திருக்கிறது.

மெட்ரோ வண்டியில் நாம் செல்லும் அதே பாதையில் என்.ஜி.ஆர்.ஐ. என்றே ஒரு நிலையம் உண்டு. 1961இல் தொடங்கப்பெற்ற தேசியப் புவியியற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரே அந்த நிலையத்துக்குச் சூட்டப்பட்டுள்ளது. மின்னோட்டத்தைக் கொண்டு நிலத்தின் உள்ளே பார்க்கும் கலை அங்கே வளர்க்கப்படுகிறது. அக்கலையின் எளிய வடிவம் இது. தரையில் இரண்டு இரும்பு முனைகளை அடித்து, ஒன்றன் வழியே ஓட்டத்தைச் செலுத்தி மற்றொன்றன் வழியே வாங்குகிறார்கள். இடையே வேறு இரு முனைகளில் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். தெலங்கானத்தின் பெரும்பகுதி கருங்கல் நிலம். உலர்ந்த கருங்கல்லில் மின்சாரம் எளிதில் ஓடாது. நீர் நிறைந்த பிளவும் சிதைந்த பாறையும் உள்ள இடத்தில் ஓடும். அந்த வேறுபாட்டைக் கொண்டே, ஆழ்குழாய்க் கிணறு எங்கே தோண்டலாம் என்று குறிக்கிறார்கள்.

இதனைக் கணிப்பொறியில் செய்துபார்க்கும் மாணவர் முனை ஒன்றில் 0.1 ஆம்பியர் என்று குறிக்கிறார். 1000 ஓம்-மீட்டர் தடைத்திறன் உள்ள சீரான நிலமாயின், அம்முனையிலிருந்து 10 மீட்டர் தள்ளி ஏறத்தாழ 1.6 வோல்ட் வரவேண்டும். இது காகிதத்திலேயே வந்துவிடும் விடை. மென்பொருளிலோ, இரண்டாம் முனையை மறந்து, பெட்டியின் எல்லாச் சுவர்களிலும் மின்காப்பு என்று குறித்துவிட்டால் விடையே கிடையாது. உள்ளே வந்த ஓட்டத்துக்கு வெளியே போக வழியில்லை அன்றோ? பிழை என்று மென்பொருள் சொன்னால் நல்ல காலம். ஆனால், 'ஏதேனும் ஒரு புள்ளியில் அழுத்தத்தைச் சுழி என்று வைத்துவிடு, பிழை போய்விடும்' என்று யாரேனும் ஒரு மூத்த மாணவர் உபாயம் சொல்லியிருப்பார். பிழைச் செய்தி போய்விடும், பிழை போகாது. உள்ளே வந்த ஓட்டம் முழுவதும் அந்த ஒரு புள்ளியின் வழியே வடியும். படத்தில் அப்புள்ளியைச் சுற்றி ஓட்டம் குவிந்து ஒளிவிடும்.

சென்ற பருவத்தில் ஒரு தம்பி இத்தகைய படம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். "அண்ணா, இதோ பாருங்கள், 40 மீட்டர் ஆழத்தில் கடத்தும் பகுதி தெளிவாகத் தெரிகிறது" என்றார். "இந்த இடத்தில் என்ன பாறை வைத்தாய்?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரே கருங்கல்தான் அண்ணா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. அவர் அறிவாளி, உழைப்பாளி. அவருக்குக் கற்பித்த முறையிலேதான் குறை இருந்தது. எந்தப் பட்டியலைத் திறப்பது, எந்தக் கட்டத்தில் எண்ணை இடுவது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த எண் ஒரு வாக்குறுதி என்பதை யாரும் சொல்லவில்லை.

இது வகுப்பு மதிப்பெண்ணோடு முடியும் செய்தியா? அன்று. இன்று பயிற்சிப் படம் வரைகிறவர் நாளை உண்மை நிலத்துக்குப் படம் வரைவார். அந்தப் படத்தை நம்பி ஓர் உழவர் கடன் வாங்கிக் குழாய்க் கிணறு இறக்குவார். நூறு மீட்டர் போயும் புழுதியே வந்தால் கடன் யார் தலையில்? படம் வரைந்தவர் தலையில் அன்று. நம் இராமநாதபுரத்துக்கும் தருமபுரிக்கும், இங்குள்ள நல்கொண்டாவுக்கும் மகபூப்நகருக்கும் இது பொதுவான துயரம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொன்னால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பது பழமொழி. வண்ணப்படத்தில் நெய் வடிந்தால் மட்டும் நாம் ஏன் நம்பிவிடுகிறோம்?

திரும்பும் வழியை அடுத்து, 'எவ்வளவு' என்னும் கேள்வி வருகிறது. இது எளிதென்று தோன்றும், எளிதன்று. 100 சுற்றுள்ள கம்பிச்சுருளில் 2 ஆம்பியர் ஓடுகிறது. மென்பொருளில் சுருள் ஒரே கட்டியாக வரையப்பட்டிருக்கிறது. கட்டத்தில் எதை இடுவது? சில மென்பொருள்களில் ஒரு சுற்றின் ஓட்டத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் தனித்தனியே இடவேண்டும். சிலவற்றில் பெருக்கிவந்த 200 ஆம்பியர்-சுற்றை இடவேண்டும். 200ஐயும் இட்டு, சுற்று 100 என்றும் இட்டால் மூலம் நூறு மடங்கு பெருகிவிடும். இரும்பு தெவிட்டாத வரை, விசை ஓட்டத்தின் இருபடியாகப் போவதால் பத்தாயிரம் மடங்கு பெருகும். மீட்டர் காட்டும் 10 ஆம்பியர் என்பது சராசரி இருபடி மூல மதிப்பு. அதன் உச்சம் 14.1 ஆம்பியர். உச்சத்தைக் கேட்கும் கட்டத்தில் 10ஐ இட்டால் வெப்பக் கணக்கு சரிபாதியாகிவிடும். சமச்சீரைப் பயன்படுத்திப் பொருளின் பாதியை மட்டும் வரைந்து, வெட்டுத் தளம் கம்பியின் நடுவே போனால், அந்த அரைக் கம்பிக்கு அரை ஓட்டமே உரியது. முழு ஓட்டத்தையும் அதில் திணிப்பவர் பலர்.

மெல்லிய கம்பிகளாகச் சுற்றிய சுருளா, ஒரே திண்மமான செம்புக் கட்டையா என்பதும் மூலத்தைச் சேர்ந்த கேள்வியே. 50 சுழற்சி மின்சாரம் செம்பின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் வலுக்குறைந்துவிடும். ஆகவே தடித்த செம்புக் கட்டையில் ஓட்டம் ஓரங்களை நாடும். மெல்லிய கம்பிச் சுருளிலோ ஒவ்வொரு கம்பியிலும் அதே ஓட்டம் செல்வதால் சுருள் முழுவதும் சீராகப் பரவியிருக்கும். ஒன்றை மற்றொன்றாகக் குறித்தால் வெப்பமும் மாறும், தடையும் மாறும். படம் மட்டும் இரண்டிலும் அழகாகவே இருக்கும்.

இத்துறையின் பெரியோர் இந்த ஆபத்தை அறிந்திருந்தனர். அதனால்தான் உலகெங்கும் உள்ள கணிப்பு முறைகளைச் சோதிப்பதற்கென்று டீம் என்னும் பெயரில் பொதுக் கணக்குகளை வகுத்தனர். அவற்றுள் ஏழாம் கணக்கு புகழ்பெற்றது. ஓர் அலுமினியத் தகடு. அதில் நடுவிலிருந்து விலகிய ஒரு துளை. தகட்டின் மேலே ஒரு கம்பிச்சுருள். சுருளின் ஓட்டம் 2742 ஆம்பியர்-சுற்று என்று ஐயத்துக்கு இடமின்றி அதில் சொல்லப்பட்டிருக்கிறது. 50 சுழற்சிக்கும் 200 சுழற்சிக்கும் உண்மையில் அளந்த மதிப்புகளும் தரப்பட்டுள்ளன. புதிய மென்பொருளைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். மூலத்தை ஐயமின்றிச் சொல்வது எப்படி என்பதற்கும் அதுவே பாடம்.

மூலத்தின் வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். வானத்திலேயே ஒரு பெரும் மின்னோட்டம் இருக்கிறது. அது நம் தமிழ்நாட்டின் தென்கோடிக்கு மேலே ஓடுகிறது என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பகற்பொழுதில், நிலத்துக்கு மேல் 105 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி, காந்த நடுக்கோட்டைத் தழுவி, மேற்கிலிருந்து கிழக்காக அது செல்கிறது. சிட்னி சாப்மன் என்னும் அறிஞர் 1951இல் அதற்கு எலக்ட்ரோஜெட் என்று பெயரிட்டார். திருநெல்வேலியில் அதனை ஆராயவே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நண்பகலில் அங்கே நிலத்தின் காந்தப் புலத்தில் சுமார் 100 நானோடெஸ்லா அளவுக்கு அது மாற்றத்தை உண்டாக்குகிறது.

இந்த ஓட்டத்தைக் கணிப்பொறியில் எப்படி வைப்பது? நீண்ட ஒற்றைக் கம்பி என்று வைத்தால், நேர் கீழே 100 நானோடெஸ்லா கிடைக்க ஏறத்தாழ 52,000 ஆம்பியர் வேண்டும். 600 கிலோமீட்டர் அகலமுள்ள சீரான பட்டை என்று வைத்தால், அதே 100 நானோடெஸ்லாவுக்கு ஏறத்தாழ 1,20,000 ஆம்பியர் வேண்டும். நிலத்துக்குள் தூண்டப்படும் ஓட்டத்தை ஒதுக்கிவிட்டு நான் போட்ட எளிய கணக்கு இது. நேர் கீழே அளந்த ஓர் எண் இரண்டு மூலங்களுக்கும் பொருந்துகிறது. ஆகவே ஓரிடத்தில் விடை ஒத்துவந்தது என்பதால் மூலம் சரி என்று ஆகிவிடாது. வடக்கிலும் தெற்கிலும் பல ஊர்களில் அளந்து, புலம் எப்படிக் குறைகிறது என்று பார்த்தாலன்றி, கம்பியா பட்டையா என்று தெரியாது.

இந்த வழக்கு புதியதும் அன்று. இயற்கையான மின்காந்த அலைகளைக் கொண்டு நிலத்தின் ஆழத்தை அறியும் முறையை உருசிய நாட்டில் டிகோனோவ் என்பார் 1950இலும், பிரெஞ்சு அறிஞர் கான்யார் 1953இலும் வகுத்தனர். மேலிருந்து வரும் புலம் எங்கும் சீரானது என்று கான்யார் கொண்டார். அடுத்த ஆண்டிலேயே ஜேம்ஸ் வெயிட் என்பார், மூலம் சீரானதல்ல எனில் விடை என்னாகும் என்ற கேள்வியை எழுப்பினார். எலக்ட்ரோஜெட் குறுகிய பட்டையாதலால் அதன் அடியில் வாழும் நமக்கு அக்கேள்வி மிகவும் உரியது. கணிப்பொறியில் புல மென்பொருள்கள் வருமுன்பே, மூலத்தைப் பற்றிய வழக்கு நடந்திருக்கிறது. மென்பொருள் வந்ததால் வழக்கு தீர்ந்துவிடவில்லை, நாம்தான் மறந்துவிட்டோம்.

என் கருத்துக்கு மறுப்புகள் உண்டு என்பதை அறிவேன். 'இன்றைய மென்பொருள்கள் திறமையானவை. ஓட்டக் கணக்கு நேராகாவிட்டால் அவையே திருத்திக்கொள்ளும்' என்பர் சிலர். உண்மை. சில மென்பொருள்கள், நாம் கொடுத்த ஓட்டம் மூடிய பாதையில் இல்லாவிட்டால், ஒரு திருத்த ஓட்டத்தைத் தாமே சேர்த்துக் கணக்கைத் தீர்க்கின்றன. வேறு சில தீராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருங்கவில்லை என்று சொல்லி நிற்கும். நான் கேட்பது இது. திருத்திய ஓட்டம் யாருடையது? உங்கள் கருவியில் ஓடும் ஓட்டமா, மென்பொருள் உங்களுக்காகக் கற்பித்த ஓட்டமா? நின்றுபோகும் மென்பொருள் உண்மையான நண்பன். சிரித்துக்கொண்டே திருத்திவிடும் மென்பொருளிடம்தான் விழிப்பாக இருக்கவேண்டும்.

'உயர் அதிர்வெண்ணில் இந்தத் தொல்லை இல்லை. ஆன்டெனாவின் ஓட்டம் நுனியில் முடியலாமே' என்பர் வேறு சிலர். முடியலாம், ஆனால் முடியும் இடத்தில் மின்னூட்டம் சேரும் என்பதை மறக்கலாகாது. காலத்தில் படிப்படியாகக் கணிக்கும் முறையை 1966இல் கேன் யீ என்பார் வகுத்தார். அம்முறையில் குறுகிய கம்பித் துண்டு ஒன்றில் ஒரே திசையிலான துடிப்பைக் கொடுத்தால், துடிப்பு ஓய்ந்த பின்னும் இரு நுனிகளிலும் மின்னூட்டம் எஞ்சி நிற்கும். அலையெல்லாம் வெளியேறிய பிறகும் அணையாத ஒரு மின்புலம் திரையில் இருக்கும். ஏறியும் இறங்கியும் கூட்டுத்தொகை சுழியாகும் துடிப்பைக் கொடுத்தால் அது நேராது. அங்கேயும் வரவும் செலவும் ஒத்துப்போகவேண்டும் என்பதே செய்தி.

'இவ்வளவும் பார்க்க நேரம் ஏது? அடுத்த வாரம் அறிக்கை தரவேண்டும். மூத்தவரின் கோப்பை வாங்கி எண்ணை மாற்றினால் போதும்' என்பதே மிகப் பலரின் வாதம். இவ்வாதத்தின் மேல் எனக்குச் சினம் இல்லை; பரிவுண்டு. அறிக்கைகளின் நெருக்கடி நானும் அறிந்ததே. ஆயினும், பிறர் கோப்பை வாங்கும்போது அவருடைய மூலத்தையும், அவருடைய எல்லையையும், அவர் மறந்ததையும் சேர்த்தே வாங்குகிறோம். கடன் வாங்கிய சட்டை உடம்புக்குப் பொருந்தாவிட்டால் கண்ணாடி காட்டிவிடும். கடன் வாங்கிய மூலம் பொருந்தாவிட்டால் எதுவும் காட்டாது.

நான் வேண்டுவது பெரிதன்று. அரை மணி நேர வேலை. பொத்தானை அழுத்துமுன், ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். ஓட்டம் எங்கே புறப்படுகிறது? எவ்வழிச் செல்கிறது? எங்கே திரும்புகிறது? எவ்வளவு, உச்சமா சராசரியா, ஒரு சுற்றுக்கா எல்லாச் சுற்றுக்குமா? பின்பு எளிய வடிவம் ஒன்றுக்கு, நேர்கம்பிக்கோ வட்டச் சுருளுக்கோ, கையால் ஒரு விடை காணுங்கள். கணிப்பு முடிந்ததும் கம்பியைச் சுற்றி ஒரு மூடிய கோடு வரைந்து, அதன்மேல் காந்தப் புலச்செறிவைத் தொகுக்கச் சொல்லுங்கள். நிலையான ஓட்டமாயினும் தாழ்ந்த அதிர்வெண்ணாயினும், கோட்டினுள் செல்லும் ஓட்டமே விடையாக வரவேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் இது ஒரு நிமிட வேலை. கடைசியாக, எல்லைப் பெட்டியை இருமடங்கு பெரிதாக்கி மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விடை அசையாதிருந்தால் நம்பிக்கை கொள்ளலாம். அசைந்தால், திரும்பும் வழியைத் தேடுங்கள்.

அந்த நான்கு வரிகளைத் தமிழில் எழுதுங்கள் என்பது என் தனி வேண்டுகோள். இது மொழிப்பற்றினால் மட்டும் சொல்வதன்று. எக்ஸைட்டேஷன் கொடுத்தேன், டெர்மினல் அசைன் செய்தேன் என்று சொல்லும்போது, சொல் நம் வாயிலிருந்து வருகிறது. பொருள் பட்டியலிலேயே தங்கிவிடுகிறது. 'இந்தக் கம்பியின் இடப்பக்க முகத்தில் 5 ஆம்பியர் நுழைகிறது, அதே 5 ஆம்பியர் வலப்பக்க முகத்தில் வெளியேறுகிறது' என்று தாய்மொழியில் சொல்லத் தொடங்கினால், சொல்ல முடியாத இடத்தில் நாக்கு நின்றுவிடும். நாக்கு நின்ற இடமே நாம் அறியாத இடம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ தங்கைக்கோ தொலைபேசியில் விளக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மூலம் உங்களுக்கு விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

நம் மன்றம் இதில் ஒரு பணி செய்யலாம். மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. மென்பொருள் இல்லை, திரை இல்லை. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். ஒருவர் தம் கணக்கின் மூலத்தைத் தமிழில் விளக்கட்டும். கேட்போர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: 'ஓட்டம் எங்கே திரும்புகிறது?' மின்பொறியியல் மாணவர் புவியியற்பியல் மாணவரைக் கேட்கட்டும். ஆன்டெனா வரைபவர் மோட்டார் வரைபவரைக் கேட்கட்டும். துறைகள் பல, கேள்வி ஒன்றே. முதலாண்டுத் தம்பியும் தங்கையும் அக்கேள்வியைக் கேட்கும் உரிமை பெறட்டும். பேராசிரியரிடம் கேட்கத் தயங்குவதை நம் மன்றத்தில் தயங்காமல் கேட்கலாம்.

நண்பர்களே, கணிப்பொறி கொடுத்ததைத் தீர்ப்பது. கொடுப்பது நாம். கொடுத்ததற்குக் கணக்குச் சொல்லும் கடமையும் நம்முடையதே. நாளை நம் படத்தை நம்பி ஒருவர் கிணறு வெட்டுவார், ஒருவர் மின்மாற்றி செய்வார், ஒருவர் மருத்துவக் கருவியைத் தொடுவார். அவர்கள் நம்மிடம் வந்து வண்ணத்தைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. புறப்பட்ட ஒவ்வோர் ஆம்பியரும் திரும்பி வந்த வழியை எழுதிவைத்தவன் அவர்களுக்கு அஞ்சவேண்டியதும் இல்லை. ஆகவே இன்றிரவு உங்கள் கோப்பைத் திறக்குமுன் ஒரு தாளை எடுங்கள்.